வள்ளம் எரிச்ச படம்

ஓம் தம்பி, வள்ளம் ஆடினவுடனை குடலைப் பிரட்டிச் சத்திதான் எடுத்தவர். கதாநாயகன்தான், யாகோப்பு. படத்திலை அவரைப் பாத்தால் கடலிலையே பிறந்து கடலிலையே வளந்த ஆள் மாதிரி இருக்கும் என்ன? கரையிலை கட்டிக் கிடக்கிற வள்ளத்திலை ஏறி நிண்டாலே அவருக்குத் தலை சுத்தும். பட்டினத்திலை பொடியளுக்குத் தேகப்பியாசம் பழக்கின ஆள் அவர். நெஞ்சும் கையும் எண்டால் பாக்க வடிவுதான். எங்கடை பெட்டையள் கிணத்தடியிலை நிண்டு அவரைப் பற்றித்தான் கதைப்பாளவை. ஆனால் கடல் அவருக்கு ஒத்துவராது. புளி மணத்துக்கு ஒரு தேசிக்காயை மூக்கிலை பிடிச்சுக்கொண்டுதான் வள்ளத்திலை ஏறுவார். கமரா ஓடப்போகுதெண்டு, படம் எடுத்த உங்கடை அப்பா கையைக் காட்டினால், தேசிக்காயைக் காலுக்குக் கீழை போட்டிட்டு நெஞ்சை நிமித்துவார். கை இறங்கினவுடனை திரும்பவும் குனிஞ்சு தேசிக்காயைத் தேடுவார்.

சிரியுங்கோ, பறவாயில்லை. நானும் அந்த நேரம் சிரிச்சனான்.

தெரியும், நீங்கள் அந்தப் பாய்ச்சலைப் பற்றிக் கேக்கத்தான் வந்தனீங்கள். எரியிற வள்ளத்துக்கு அந்த ஆள் பாயிறதை எப்பிடி எடுத்தவை, ஆர் பாய்ஞ்சது எண்டு வந்து இருந்தவுடனையே கேட்டிட்டியள். சொல்லுறன். சொல்லாமல் விடமாட்டன். எனக்கும் உங்களிட்டை ஒரு காரியம் கேக்கவேணும். வெள்ளிக்கிழமை படம் திரும்பவும் பட்டினத்திலை ஓடப்போகுது எண்டு நோட்டீஸ் ஒட்டிக் கிடக்கு. படப்பெட்டி உங்களிட்டைத்தான் இருக்கெண்டு சொல்லுகினம். மெய்தானே? அது ஒண்டுதான் மிச்சம் இருக்கிற பெட்டியோ? அப்ப சரி. முதல்லை உங்கடையைச் சொல்லிப்போட்டு என்ரையைக் கேக்கிறன்.

அது பந்தலுக்கு அடுக்கின கிடுகு. வரேக்கை காலிலை தட்டினதோ? என்ரை மோள் குணலட்சுமிக்கு ஆவணியிலை கலியாணம். சந்தோசமான காரியம்தான், ஆனால் வீட்டிலை ஒரே சண்டை. உங்களுக்கு ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு. என்ரை மனிசன் கடலோடை போனவர். பிரேதம் வரேல்லை. பிரேதம் வராட்டில் தர்ப்பைப் புல்லாலை ஒரு உருவம் செய்து, அதுக்குக் கொள்ளி வைச்சு, அதுக்குப் பிறகுதான் எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் செய்யிறது. நான் அதைச் செய்ய விடேல்லை. இவ்வளவு காலமும் விடேல்லை. தாலி கழட்டேல்லை, பொட்டும் அழிக்கேல்லை. இப்ப கலியாணம் எண்டு வந்தவுடனை, நான் முன்னுக்கு நிண்டு மாப்பிள்ளைக்கு ஆராத்தி எடுக்கிறதோ, அறைக்குள்ளை இருக்கிறதோ எண்டு என்ரை மனிசன்ரை தமையன் கேக்கிறார். தம்பிஐயா அத்தான். கேக்கிறதிலை பிழையில்லை. மாப்பிள்ளை பகுதியும் கேக்கும்தானே. நான் சுமங்கலியோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது, நான் அவையளுக்கு என்னத்தைச் சொல்லுறது? ஐயர் ரெண்டு தரம் வந்து போட்டார். கலியாணத்துக்கு முதல் கிரியை முடிச்சால்தான் நல்லது எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார்.

அது கிடக்கட்டும். உங்கடை அப்பாவின்ரை கதைக்கு வாறன்.

அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்கு முதல் வருசம் அது. நீங்கள் அப்ப பிறந்திட்டியளோ? தத்தி நடக்கிற வயசோ? அப்ப சரிதான், என்ரை மோளின்ரை வயசுதான் உங்களுக்கும். உங்கடை அப்பாவைக் கனகலிங்கத்தார் எண்டுதான் எல்லாரும் சொல்லுறது. நீர்வேலியிலை இருந்து லொறி ஒண்டிலை கமராவும் ஆக்களும் வந்து இறங்கினவை. ஒவ்வொரு நாளும் வாழைக்குலையும் கூட வரும். படத்திலை நடிச்சவை எல்லாரும் பசிக்கு வாழைப்பழம்தான். ஒரு கிழமையிலை எங்கடை ஊர்ப் பொடியளுக்கு வாழைப்பழத்தைக் கண்டாலே வேண்டாமெண்டு போச்சு.

என்ன கதை எண்டு கேட்டம். கடலாலை கள்ளச் சாமான் கடத்திற ஆக்களை ஒரு வீரமான பொடியன் பிடிக்கிற கதை எண்டார். எங்கடை ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் பாத்தினம். அக்கரைக்கு, இந்தியாப் பக்கம், வள்ளம் எப்பிடிப் போகும், எப்பிடித் திரும்பி வரும் எண்டு எங்களுக்கே சொல்லித்தர வந்திருக்கிறார் வாழைத்தோட்டத்து மனிசன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சவை. ஆனால் ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லேல்லை. உங்கடை அப்பா அப்பிடிக் கதைப்பார். குரல் உயத்தமாட்டார். கிழவனோ பொடியனோ, எல்லாரையும் நீங்கள் எண்டுதான் கதைப்பார். நீங்களும் அப்பிடித்தான் கதைக்கிறியள்.

துவக்கெல்லாம் பூவரசம் மரத்திலை செதுக்கிக் கறுப்பு மை பூசினது. வெடிச்சத்தம் பிறகு சேக்கிறதாம். ரத்தம் எண்டால் குங்குமமும் தேங்காயெண்ணெயும். சண்டை பழக்கிறதுக்கு அக்கரையிலை இருந்து ஒரு ஆள் வந்தவர், மெலிஞ்ச ஆள், எப்பவும் வெத்திலை வாயோடை நிப்பார். அடியாத அடியை அடிச்ச மாதிரிக் காட்டுறது எப்பிடியெண்டு அவர்தான் காட்டினவர். எங்கடை ஆம்பிளையளுக்கு அது பிடிபடேல்லை. அடி எண்டால் அடிச்சுப்போடுவினம். யாகோப்புவின்ரை பல்லு ஒண்டு அப்பிடித்தான் ஆடினது. படத்திலை அவர் அந்தப் பக்கம் வாயை இறுக்கிக்கொண்டு கதைக்கிறதைப் பாத்திருப்பியள். கோவத்திலை எண்டு சனம் நினைக்குது.

பகிடி என்னெண்டால், சண்டை முடியக் கள்ளர் எல்லாரும் செத்துக் கரையிலை கிடக்கவேணும். எங்கடை ஆக்கள் ஓடச்சொன்னால் ஓடினவை, விழச்சொன்னால் விழுந்தவை. செத்த மாதிரிப் படுக்கச் சொன்னால் ஒருத்தரும் படுக்கமாட்டினமாம். கடலுக்குப் போற ஆம்பிளை விளையாட்டுக்கும் பிணமாப் படுக்கிறேல்லை. அவை படுத்தாலும் மனிசிமார் விடமாட்டினம். விடியக் காலமை வள்ளம் தள்ளவேணுமெல்லே. உங்கடை அப்பா கெஞ்சிப் பாத்தார். ஏலாமல் கடைசியிலை நீர்வேலியிலை தோட்டம் செய்யிற பொடியளை லொறியிலை ஏத்திக்கொண்டு வந்தார். படத்திலை அலை அடிக்க அடிக்கச் செத்துக் கிடக்கிறவை எல்லாம் வாழைக்குத் தண்ணி மாறுகிற பொடியள். அவங்களுக்குப் பிணமாப் படுக்கிறதிலை ஒரு பயமும் இல்லை. ஆனால் அலை காலிலை பட்டவுடனை எழும்பி ஓடுவாங்கள். எத்தினை தரம் எடுத்தவை எண்டு தெரியாது.

என்ரை மனிசனும் படுக்கமாட்டன் எண்டவர்தான். நானும் விடேல்லை.

கதாநாயகி ஸ்ரெல்லாவோ? நல்ல பிள்ளை அது. உடுப்பு மாத்திறதுக்கு எங்கடை வீட்டுக்குத்தான் வரும். நான் அப்ப வயித்திலை ரெண்டாவது பிள்ளையோடை. எனக்கு வேலை செய்ய விடாமல் மீனை வாங்கி வைச்சுத் தானே வெட்டும். கதாநாயகி மீன் வெட்டுறா எண்டு பாக்கிறதுக்கு வேலிக்கு மேலாலை சனம் எட்டிப் பாக்கும். அதுக்கும் கடல் பயம். அதாலைதான் பொம்மை செய்தவை.

ஓம், பொம்மைதான். கள்ளர் அந்தப் பெட்டையைப் பாய்மரத்தோடை கட்டிப்போட்டு வள்ளத்துக்கு நெருப்பு வைக்கிறாங்கள், யாகோப்பு போய்க் காப்பாத்திறார். அதுதானே கதை. எரியிற வள்ளத்திலை ஆரைக் கட்டுறது? வைக்கலாலை ஒரு பொம்மை. வைக்கல் சாவகச்சேரிப் பக்கத்து வயலிலை இருந்து வந்தது. எங்கடை முத்தத்திலை வைச்சுத்தான் கட்டினவை. ஸ்ரெல்லாவின்ரை சிவப்புச் சீலையை உடுத்தி, தலைக்குச் சவரிமுடி வைச்சு, கையைப் பின்னாலை கட்டி நிப்பாட்டினால், கிட்ட நிண்டு பாத்தாலும் பொம்பிளை எண்டுதான் தெரியும். என்ரை மோள் அதுக்குச் சோறு தீத்தப் போனவள்.

வள்ளமோ? அது ஊரிலை ஒரு ஆளின்ரை பழைய வள்ளம். உக்கிப்போய்க் கிடந்தது. எங்கடை ஆக்கள் வள்ளத்தை எரிக்கிறேல்லை தம்பி. எவ்வளவு பழசெண்டாலும் கரையிலை விட்டால் அது தன்ரைபாட்டிலை உக்கும். எரிக்கிறதெண்டு கேட்டவுடனை ஊர் குழம்பிப்போச்சு. பிறகு கோயில்லை பூசை செய்து, வள்ளத்தின்ரை முன் பலகையைக் கழட்டி எடுத்து வைச்சு, அதுக்குப் பிறகுதான் தந்தவை. பலகை இல்லாட்டில் அது வள்ளம் இல்லை, வெறும் மரம் எண்டு ஒரு கணக்கு.

இன்னொரு காரியம் உங்களுக்குச் சொல்லவேணும். இதை விளங்கினால்தான் மற்றது விளங்கும். கடலிலை நெருப்போ புகையோ கண்டால், கண்டவன் போகவேணும். ஆற்றை வள்ளம் எண்டு கேக்கிறேல்லை. கோவக்காரன்ரை வள்ளம் எண்டாலும் போகவேணும். வலை விட்டுக்கொண்டு நிண்டால் வலையை வெட்டி விட்டிட்டுப் போகவேணும். போகாமல் வந்தவன் எண்டு தெரிஞ்சால் அவன்ரை வீட்டிலை ஒருத்தரும் தண்ணி குடியாயினம். ஆரும் எழுதி வைச்சதில்லை, ஆனால் இந்தக் கரை முழுக்க அப்பிடித்தான். உங்கடை அப்பாவுக்கு அதை எங்கடை ஆக்கள் நல்லாச் சொல்லி விளங்கப்படுத்தினவை. அவரும் விளங்கினவர்.

அவரைப் பிழை சொல்லேலாது. நான் சொல்லேல்லை. வள்ளம் எரிக்கிற நாளை முடிவெடுத்தவுடனை, இந்தக் கரையிலை ஒரு துறை விடாமல் ஆள் விட்டுச் சொன்னவர். இன்ன நாள் பின்னேரம் எங்கடை துறைக்கு நேரை புகை வரும், அது படம், ஒருத்தரும் வரவேண்டாம் எண்டு. எங்கடை துறையிலை தானே வீடு வீடாப் போய்ச் சொன்னவர். என்னட்டையும் வந்து படலையிலை நிண்டு சொன்னவர். ஆனால் கடலிலை நிக்கிற ஆக்களுக்கு ஆர் போய்ச் சொல்லுறது? ஒரு வள்ளம் அதுக்கு முதலே முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போட்டுது. மூண்டு பேர். அவை போகேக்கை வள்ளம் எரிக்கிற கதையே இல்லை. திரும்பி வர இன்னும் நாள் கிடக்கெண்டுதான் எல்லாரும் இருந்தவை.

அண்டைக்குப் பின்னேரம் கடற்கரையிலை கோயில் திருவிழா மாதிரிச் சனம். பக்கத்து ஊர்களிலை இருந்தெல்லாம் வந்திட்டினம். ஐஸ்பழக்காரன் சைக்கிளோடை மணலுக்கை நிக்கிறான். பங்குனி மாசம், மெல்லிய காத்து, கடல் பெரிசா அலை இல்லாமல் கிடந்தது. நான் மோளை இடுப்பிலை வைச்சுக்கொண்டு நிண்டனான். உங்கடை அப்பாவும் கமராக்காரனும் ஒரு வள்ளத்திலை. யாகோப்பும் அதிலைதான், தேசிக்காயோடை. அண்டைக்கு வள்ளம் எரியிறதை மட்டும்தான் எடுக்கிறதாம். பாயிறதைப் பிறகொரு நாளைக்குக் கரையோடை வைச்சு, சின்ன நெருப்பிலை, சண்டை பழக்கின அந்த ஆளைக் கொண்டு எடுக்கிறதெண்டு யோசினை. மண்ணெண்ணெய்ப் பீப்பா ஒண்டை அடியிலை வைச்சு, வைக்கலைப் பரப்பி, நெருப்பை வைச்சிட்டு வந்திட்டினம்.

வடிவா எரிஞ்சுது. மெய்யாச் சொல்லுறன், வடிவா இருந்தது. சிவப்புச் சீலை காத்திலை எழும்பி எழும்பி ஆடினது.

அப்பத்தான் கிழக்காலை பாய் விரிச்ச வள்ளம் ஒண்டு வந்தது. நேரை வந்தது. பாயை இறக்கேல்லை. எரியிற வள்ளத்துக்குக் கிட்ட அப்பிடி ஒருத்தரும் வரமாட்டினம், பாயிலை பொறி பட்டால் தெரியும்தானே. நாங்கள் கரையிலை நிண்டு, இதுவும் படத்திலை உள்ளதுதான் எண்டு நினைச்சம். கனகலிங்கத்தார் எங்களுக்கும் சொல்லாமல் ஒளிச்சு வைச்சிருக்கிறார் எண்டு. ஐஸ்பழக்காரன் சொல்லுறான், பாருங்கோ எப்பிடிப் பழக்கி வைச்சிருக்கிறார் எண்டு. முன்னுக்கு ஒரு ஆள் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு நிண்டது. வள்ளம் இன்னும் கிட்டக் கூட வரேல்லை. அவ்வளவு தூரத்திலை இருந்து பாய்ஞ்சது.

நீங்கள் பாத்திருக்கிறியள்தானே. அதுதான் அது. ஒரே பாய்ச்சல். அந்த ஆள் நெருப்புக்குள்ளாலை போய்ப் பாய்மரத்தைப் பிடிக்கிறது தெரியும். கயித்தை அவிழ்க்கிற மாதிரிக் கை போகும். அதோடை படத்திலை வெட்டி, யாகோப்புவின்ரை முகத்தைக் கிட்டக் காட்டுவினம். அந்த முகம் எங்கடை கிணத்தடியிலை எடுத்தது. தலையிலை ஒரு வாளி தண்ணி ஊத்தி, பக்கத்திலை ஓலை கொளுத்திப் புகை காட்டி எடுத்தது. முதுகு ஒருத்தற்றை, முகம் ஒருத்தற்றை. தியேட்டரிலை பாக்கிற சனத்துக்கு அது விளங்காது. யாகோப்பு கடைசி வரைக்கும் தான் பாய்ஞ்சது எண்டு ஒரு இடத்திலையும் சொன்னதில்லை, அதையும் சொல்லவேணும். கேட்டால் எழும்பிப் போடுவாராம்.

கரையிலை சனம் எல்லாம் கை தட்டினது. விசில் அடிச்சினம். என்ரை மோள் இடுப்பிலை இருந்துகொண்டு அவளும் தட்டினவள், எல்லாரும் தட்டுகினம் எண்டு. பிறகு பீப்பா வெடிச்சது. அதுக்கும் கொஞ்சம் தட்டினவை. அந்த ஆள் வந்த வள்ளத்திலை மிச்சமா நிண்ட ரெண்டு பேரும் குழறின சத்தம் கேட்டவுடனைதான் கை தட்டல் நிண்டது.

வள்ளம் அப்பிடியே அமிழ்ந்து போச்சு. ஓம், ஆளோடைதான்.

ஆர் பாய்ஞ்சது எண்டுதானே கேட்டனீங்கள். என்ரை மனிசன்.

இல்லை, இருங்கோ. எழும்பாதையுங்கோ. உங்கடை அப்பா உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். சொல்லுற ஆள் எண்டால் அவர் இன்னுமொரு படம் எடுத்திருப்பார். அதுதான் ஏன் அவர் பிறகு படம் எடுக்கேல்லை எண்டு கேட்டியள், அதுக்கும் இதுதான் மறுமொழி போலை. அவர் அண்டைக்கு உடுப்போடை கடலுக்கை குதிச்சவர். நீந்தத் தெரியாது அவருக்கு. எங்கடை ஆக்கள் அவரையும் சேத்துத் தூக்கவேண்டி வந்தது. எல்லாத் துறையிலையும் இருந்து வள்ளம் வந்து தேடினவை. சுழியோடிப் பாத்தவை. எரிஞ்ச மரம் வந்தது, சவரி வந்தது. அவர் வரேல்லை.

கூட நிண்ட ரெண்டு பேரும் வந்து சொன்னவை, அவர் பாயமுதல் என்ன சொன்னவர் எண்டு. பொம்பிளை ஒண்டு நிக்குது எண்டு சொன்னவராம். அவ்வளவுதான். வேறை ஒண்டும் சொல்லேல்லை.

எனக்கு எப்ப தெரிஞ்சதெண்டோ? பாயிலை ஒரு ஒட்டு இருந்தது, நான் தைச்ச ஒட்டு. அது கண்ணிலை பட்டது பிறகுதான். முதல் நானும் நெருப்பைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். தெரிஞ்ச நேரம் எனக்கு ஒண்டும் வரேல்லை. மோளுக்கு வெயில் படுதெண்டு சீலைத் தலைப்பாலை மூடினது ஞாபகம் இருக்கு. வீட்டை வந்து அடுப்பு மூட்டினது ஞாபகம் இருக்கு. பொம்பிளையள் வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவை. என்னை அழச்சொல்லிச் சொன்னவை. அழுகை வரேல்லை தம்பி. அண்டைக்கும் வரேல்லை, இண்டைக்கும் வரேல்லை. உள்ளுக்கை எதுவோ மரத்துப்போச்சு, அப்பிடியே கிடக்கு. சோறு தின்னுறன், சந்தைக்குப் போறன், மோளுக்கு மாப்பிள்ளை பாத்தன். எல்லாம் நடக்குது.

உங்கடை அப்பா ஒருக்கா வந்தவர். உதிலை, நீங்கள் இருக்கிற இடத்திலைதான் இருந்தவர். அந்தப் பாய்ச்சல் கமராவிலை விழுந்திட்டுது, கமராக்காரன் நிப்பாட்டேல்லை, அதை எறிஞ்சுபோடுறன் எண்டு சொன்னவர். நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. தம்பிஐயா அத்தான்தான் சொன்னவர், எறிய வேண்டாம், என்ரை தம்பி பாய்ஞ்சதை ஊர் பாக்கட்டும் எண்டு. அப்பிடித்தான் அது படத்திலை வந்தது. அத்தான் எத்தினை தரம் போய்ப் பாத்தவர் எண்டு அவருக்கே தெரியாது.

நான் ஒருக்காப் பாத்தனான். பட்டினத்திலை பாக்கேல்லை, என்னைத் தெரிஞ்ச சனம் நிக்கும் எண்டு. சாவகச்சேரியிலை ஓடேக்கை பஸ் ஏறிப் போய்ப் பாத்தன். கைப்பிள்ளையைப் பக்கத்து வீட்டிலை விட்டிட்டுப் போனனான். பொம்பிளையள் பக்கத்திலை பின் வாங்கிலை இருந்தனான். அந்த இடம் வந்தவுடனை சனம் எழும்பி நிண்டு விசில் அடிச்சுது. கரையிலை அடிச்ச மாதிரியே. எனக்கு முன்னுக்கு இருந்த மனிசி தலையைச் சரிச்சதாலை ஒரு கொஞ்சம்தான் தெரிஞ்சது. முதுகு. வலது தோளிலை மரம் காவிச் சுமந்த தழும்பு. அவர்தான்.

அதுக்குப் பிறகுதான் எனக்கு ஒரு குழப்பம் வந்தது. இஞ்சை நான் சமைச்சுக்கொண்டு இருக்கேக்கை, அங்கை எங்கையோ ஒரு தியேட்டரிலை அவர் பாய்ஞ்சுகொண்டு நிப்பார். நாளைக்கும் பாய்வார். மட்டக்களப்பிலை ஓடுதெண்டால் அங்கையும் பாய்வார். பாய்ஞ்சுகொண்டு நிக்கிற மனிசனைச் செத்துப்போனார் எண்டு சொல்லி நான் எப்பிடிப் பொட்டை அழிக்கிறது? விசர் எண்டு சொல்லுங்கோ. ஊரிலையும் அப்பிடித்தான் சொன்னவை. பிறகு படம் ஓடாமல் விட்டிட்டுது. பெட்டி எங்கை கிடக்கெண்டும் தெரியேல்லை. ஆனாலும் எங்கையோ கிடக்குத்தானே எண்டு இருந்தன்.

இப்ப நோட்டீஸைக் கண்டவுடனை, இனிக் காணும், இவ்வளவு காலமும் போதும் எண்டு வந்திட்டுது. கிரியை செய்வம் எண்டு அத்தானிட்டைச் சொல்லிப்போட்டன். அவருக்குச் சந்தோசம். தர்ப்பைக்கு ஆள் விட்டிட்டார். உருவம் கட்டிற ஆள் வந்து அளவு கேட்டவர். அந்த நேரம் நான் சொன்னன், அத்தான், புல்லுப் பொம்மையைக் காப்பாத்தப் போய்ச் செத்த மனிசனுக்கு இன்னொரு புல்லுப் பொம்மையைக் கட்டி நெருப்பு வைக்கப்போறியளோ எண்டு. அவர் எழும்பி வெளியாலை போட்டார். உருவம் கட்டிற ஆளும் சாமானை எடுத்துக்கொண்டு போட்டுது.

அப்ப எதை எரிக்கிறது எண்டு ஐயர் கேட்டவர். அவற்றை உடம்பு இந்த உலகத்திலை ஒரு இடத்திலைதான் மிச்சம் இருக்கு ஐயா எண்டு சொன்னன். அவருக்கு முதல் விளங்கேல்லை. விளங்கினவுடனை பஞ்சாங்கத்தை மூடி வைச்சார். சாத்திரத்திலை இல்லை, ஆனால் நான் வந்து மந்திரம் சொல்லுறன் எண்டவர்.

அதுதான் தம்பி நான் கேக்கிற காரியம். அவர் பாயிற அந்தப் படத்துண்டை வெட்டித் தாருங்கோ.

தெரியும். அது இல்லாட்டில் படமே இல்லை எண்டு எனக்கும் தெரியும். அதைப் பாக்கத்தான் சனம் வரும். வெள்ளிக்கிழமை அந்த இடம் வரேக்கை ஒண்டும் இல்லாமல் யாகோப்புவின்ரை முகம் வந்தால் கூ அடிக்கும். அடிக்கட்டும். உங்களுக்கு அது அப்பாவின்ரை படம், எனக்கு விளங்குது. உங்கடை அப்பா எறிஞ்சுபோடுறன் எண்டு கேட்ட நேரம் நான் மறுமொழி சொல்லேல்லை. இப்ப சொல்லுறன், அவ்வளவுதான்.

வயித்திலை இருந்தவன் பொடியன்தான். கொள்ளி வைக்கவேண்டியவன் அவன். சைக்கிள் கடையிலை வேலை செய்யிறான், கடலுக்கு நான் விடேல்லை. அவன் தேப்பனைக் கண்டதில்லை. இந்த வீட்டிலை அவற்றை படம் ஒண்டும் இல்லை, அந்தக் காலத்திலை ஆர் எங்களைப் படம் பிடிச்சது? வெள்ளிக்கிழமை தியேட்டருக்குப் போகப்போறன் எண்டு நிக்கிறான். சனம் விசில் அடிக்க அடிக்க அவன் தேப்பனைப் பாக்கவேண்டாம். துண்டைக் கையிலை தந்தால், முத்தத்திலை நிண்டு வெயிலுக்கு நேரை பிடிச்சு ஆறுதலாப் பாக்கட்டும். முதுகுதான் தெரியும், பறவாயில்லை. பாத்து முடிச்சிட்டு அதுக்கே கொள்ளி வைக்கட்டும்.

ஓமோ. நல்லது தம்பி. நீங்கள் ஓம் எண்டு சொல்லுவியள் எண்டு நான் நினைக்கேல்லை.

அது எவ்வளவு நீளம் வரும்? ஒரு சாண் வருமோ? கையாலை காட்டுங்கோ பாப்பம். அவ்வளவோ? அப்ப நாலு முழம் வருமே. அவர் கோயிலுக்குக் கட்டுற வேட்டியும் நாலு முழந்தான். அது காணும்.